காலிப்பரின் முட்டிப் பூட்டு விழவில்லையா, எழவில்லையா? கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பலமில்லாத காலைத் தாங்க மாட்டும் கம்பிக் கருவிதான் காலிப்பர். தொடைவரை வரும் காலிப்பரில் உயிர்நாடியான பாகம் முட்டிப் பூட்டு. தொடைத் தசையில் பலம் இல்லாதவர் நிற்கும்போது முட்டி மடங்காமல் தாங்குவது இரண்டு பக்கமும் இருக்கும் அந்தச் சின்ன வளையங்கள்தாம். அவை விழாவிட்டால் எழுந்து நிற்க முடியாது. மேலே வராவிட்டால் காலை மடக்கி உட்கார முடியாது. பாதியில் நின்றால் ஆள் கீழே விழுவார். போலியோவுக்குப் பிறகு பல்லாண்டாகக் காலிப்பர் போடுகிறவர்களுக்கு இதன் குணம் கைப்பழக்கத்திலேயே தெரியும். விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இப்போதுதான் மாட்டத் தொடங்கியவர்களுக்கும், பிள்ளைக்குத் தினமும் மாட்டிவிடும் பெற்றோருக்கும் அது தெரிய நாளாகும். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. உப்புக் காற்று. உள்நாட்டு ஊரில் ஒரு வருடம் தொல்லை தராத பூட்டு, தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ சில மாதத்திலேயே முரண்டு பிடிக்கலாம்.

எந்த வகைப் பூட்டு?

வளையப் பூட்டுதான் அதிகம் புழங்குவது. காலின் இருபுறமும் இறங்கும் பட்டைக் கம்பி முட்டி அருகே மேல், கீழ் என இரண்டு துண்டாக இருக்கும். இரண்டையும் ஒரு போல்ட் இணைக்கும். மேல் கம்பியில் ஒரு செவ்வக வளையம் ஏறி இறங்கும். கால் நேரானதும் வளையம் சரிந்து இரண்டு துண்டின் தலையையும் சேர்த்துக் கவ்வும்; பிறகு மடங்காது. சில காலிப்பர்களில் மேல் கம்பிக்குள் ஸ்ப்ரிங் வைத்த சிறிய குண்டு ஒன்று இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது வளையம் தானாகச் சரியாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. குண்டு இல்லாத காலிப்பரில் வளையம் தன் எடையாலேயே விழ வேண்டும்.

இன்னொன்று சுவிஸ் பூட்டு. முட்டிக்குப் பின்னால் அரைவட்டமாக ஒரு கம்பி, வாளிப் பிடி போல, இரண்டு பக்கப் பூட்டையும் இணைத்திருக்கும். கால் நேரானதும் ஸ்ப்ரிங் அதைத் தானாகப் பூட்டிவிடும். கம்பியை மேலே தூக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறக்கும். கைக்கு பலம் குறைந்தவர்களுக்கு இது வசதி. நடக்கும்போது தானே பூட்டித் திறக்கும் நவீன மூட்டுகளும், மின்னணு மூட்டுகளும் இந்தக் கட்டுரையில் சேராது. அவற்றை வீட்டில் திறக்கவே கூடாது.

காலில் மாட்டாமல் ஒரு சோதனை

பூட்டில் கோளாறு என்றவுடன் எண்ணெய்க் குப்பியைத் தேடாதீர்கள். முதலில் காலிப்பரைக் கழற்றிக் கட்டிலில் வையுங்கள். வெளியே வைத்துப் பார்க்கும்போதும் பூட்டு சிக்கினால் குறை கருவியில். வெளியே ஒழுங்காக வேலை செய்து, காலில் மாட்டினால் மட்டும் சிக்கினால் குறை துணியிலோ, பட்டையின் இறுக்கத்திலோ, முட்டி முழுசாக நீளாததிலோ, கருவி காலுக்குப் பொருந்தாததிலோ இருக்கிறது. இந்த ஒரு பிரிப்பைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. செய்யாமல் காலிப்பர் சரிசெய்யும் பட்டறைக்குப் போனால் அங்கே மேஜையில் பூட்டு அழகாக விழும், வீட்டுக்கு வந்து மாட்டினால் மறுபடி சிக்கும். அலைச்சல்தான் மிச்சம்.

சோதனை இப்படி:

1. பத்து முறை மடக்கி நீட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நேராகி நிற்க வேண்டும். ஒரு பக்கம் முன்னால் முட்டிக்கொண்டு மறுபக்கம் இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருந்தால், ஏதோ ஒரு கம்பி வளைந்திருக்கிறது.

2. காலிப்பரை நிமிர்த்திப் பிடித்து வளையத்தை விடுங்கள். குண்டு இல்லாத வகையில் அது தானாக விழ வேண்டும். குண்டு உள்ள வகையில் ஒரு விரல் தள்ளினால் போதும். உள்ளங்கையால் அடிக்க வேண்டியிருந்தால் அது சரியில்லை.

3. பக்கவாட்டில் இருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முன்னால் தெரியும் போல்ட்டின் தலை, பின்னால் இருக்கும் போல்ட்டை மறைக்க வேண்டும். மேலும் கீழுமாகவோ முன்னும் பின்னுமாகவோ விலகித் தெரிந்தால் இரண்டு மூட்டும் ஒரே அச்சில் இல்லை.

4. பூட்டிவிட்டுத் தொடைப்பட்டையை ஒரு கையிலும் கெண்டைக்கால் பட்டையை இன்னொரு கையிலும் பிடித்து மடக்கப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இயல்பு. "டக் டக்" என்று சத்தத்தோடு ஆடினால் போல்ட்டோ, அதன் உறையோ, வளையமோ தேய்ந்துவிட்டது.

5. குண்டு உள்ள வகை என்றால் வளையத்தை மேலே ஏற்றிவிட்டு லேசாகக் குலுக்குங்கள். சரிந்து வந்தால் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது குண்டு அழுக்கில் உள்ளேயே சிக்கியிருக்கிறது.

புதுக் காலிப்பர் கைக்கு வந்த அன்றே ஒரு வேலை செய்து வையுங்கள். முழுசாகப் பூட்டிய நிலையில் வளையத்தின் கீழ் விளிம்பு எங்கே நிற்கிறதோ, அங்கே நகப்பூச்சால் கம்பியில் மெல்லிய கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் போட வேண்டும். பிற்பாடு வளையம் கோட்டைத் தொட்டிருக்கிறதா இல்லையா என்று வீட்டில் இருக்கும் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பார்வை மங்கியவர்கள் கோட்டுக்குப் பதில் விரலால் தடவிப் பழக வேண்டும்.

வளையம் முழுசாக விழவில்லை

பெரும்பாலும் காரணம் அற்பமானது: நூல், பஞ்சு, மணல். லுங்கி நூலும் பாவாடை ஓரத்தின் பிசிறும் மூட்டுக்குள் போய் வியர்வையோடு சேர்ந்து கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். உள்ளே சுற்றிய நூலைத் தையல் ஊசியால் நெம்பி எடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பிசுக்கு போகும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். தோல் வாரிலும் படவிடாதீர்கள், வார் வறண்டு வெடித்துப்போகும்.

சுத்தம் செய்தும் சிக்கினால் மூட்டுத் தலையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பாதி விழுந்த வளையத்தோடு நடந்திருந்தால் உலோகம் நசுங்கிப் பிசிறு எழும்பியிருக்கும். அரம் எடுத்துத் தேய்க்காதீர்கள். ராவியதில் போகும் கால் மில்லிமீட்டர்கூட முட்டியில் நிரந்தர ஆட்டமாகிவிடும். அதைப் பட்டறையில் பார்த்துக்கொள்ளட்டும்.

வெளியே சரியாக விழுந்து காலில் மட்டும் விழவில்லை என்றால் முட்டியைப் பாருங்கள். வளையம் விழ வேண்டுமென்றால் இரண்டு கம்பியும் ஒரே கோட்டில் வர வேண்டும். முட்டி இறுகிப்போய்க் கடைசி ஐந்து, பத்து டிகிரி நீளவில்லை என்றால் கம்பியும் நேராகாது. இதற்குப் பலரும் செய்வது முட்டிமேல் வரும் பட்டையை இன்னும் இரண்டு ஓட்டை இழுத்துக் கட்டுவது. அன்றைக்குப் பூட்டு விழும். ஆனால் முட்டிச் சில்லின் மேல் தோல் சிவந்து, சில நாளில் புண்ணாகும். உண்மையான மருந்து, இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் நீட்டல் பயிற்சி. நீளவே நீளாது என்று தெரிந்தால் அந்தக் கோணத்துக்கு ஏற்பக் கம்பியை அமைத்துத் தரச் சொல்ல வேண்டும், அல்லது கோணத்தை மாற்றிப் பூட்டக்கூடிய வேறு மூட்டு கேட்க வேண்டும்.

பூட்டும் முறையிலும் தவறு நடக்கும். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, காலை முன்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றி, முட்டிக்குச் சற்று மேலே தொடையைக் கையால் அமுக்குங்கள். கம்பி நேராகும். ஒரு வளையம், பிறகு மறு வளையம். இரண்டு சத்தமும் கேட்க வேண்டும். கேட்டாலும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டே எழ வேண்டும். பஸ் நிறுத்தம் வந்த பிறகு அவசரமாகப் பூட்டுவதைவிட, ஒரு நிறுத்தம் முன்பே பூட்டிக்கொள்வது நல்லது.

பேன்ட் போடுகிறவர்கள் தையற்காரரிடம் முட்டிக்கு நேராக வெளிப்பக்கத் தையலில் ஒரு சாண் பிரித்து ஜிப் வைக்கச் சொல்லுங்கள். துணிக்கு மேலே தடவிப் பூட்டும்போது துணி மடிப்பும் வளையத்தோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. ஜிப் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

வளையம் மேலே வரவில்லை

உட்கார்ந்த பிறகு காலை மடக்க முடியாமல் பஸ் இருக்கையில் நீட்டிக்கொண்டே தவிப்பது பலருக்கும் நடக்கிறது. பூட்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். வளையத்தின் மேல் எடை இருக்கும்வரை அது எழாது, எழக் கூடாது. நடுவழியில் அது எழாமல் இருப்பதால்தான் நீங்கள் நிற்கிறீர்கள். கால் இருக்கையின் நுனியில் தொங்கினால் கீழ்க்காலின் எடை முட்டியை மடக்கப் பார்க்கும், அந்தச் சுமை முழுக்க வளையத்தில் ஏறும். குதிகாலைத் தரையில் வைத்துத் தொடையைக் கீழே அமுக்கினால் சுமை இறங்கும், வளையம் இரண்டு விரலுக்கே வரும். இன்னும் வரவில்லையென்றால் முட்டிப் பட்டையைத் தளர்த்திவிட்டு முயலுங்கள். தசை இறுக்கம் உள்ளவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

ஒரு வளையத்தைத் தூக்கியதும் மொத்தச் சுமையும் மறு வளையத்துக்குப் போய்விடும். அது இன்னும் இறுகும். முடிந்தவர்கள் இரண்டு கையாலும் இரண்டையும் ஒன்றாகத் தூக்குங்கள். முடியாதவர்கள் எழாத பக்கத்தில் மறுபடி தொடையை அமுக்கிக்கொண்டு தூக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்ப வேண்டாம், வளையம் விரிந்துவிடும்.

நின்றபடியே பூட்டைத் திறந்து சரிந்து உட்காரும் பழக்கம் சிலருக்கு உண்டு. புதியவர்கள் அதைச் செய்யவே வேண்டாம். பூட்டியபடியே உட்கார்ந்து, பிறகு திறங்கள்.

ஒரு பக்கம் பூட்டுகிறது, மறுபக்கம் இல்லை

இருப்பதிலேயே ஆபத்தான கோளாறு இதுதான். ஒரு பக்கம் பூட்டியிருந்தாலும் நிற்க முடிகிறது என்பதால் பலர் அப்படியே நடந்துவிடுகிறார்கள். இரண்டு கம்பிக்குப் போக வேண்டிய சுமை ஒரு கம்பிக்குப் போகிறது; அதுவும் முறுக்கிக்கொண்டு போகிறது. கம்பி வளையும், அதனால் பூட்டு மேலும் விலகும், விலகியதால் இன்னும் முறுகும். ஒரு நாள் ஒடியும். அலுமினியக் கம்பியில் ஒடிவதற்கு முன் பெரிய அறிகுறி எதுவும் தெரியாது.

கீழே விழுந்த பிறகோ, வண்டியில் இடித்த பிறகோ இந்தக் குறை வந்தால் கம்பி வளைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மெல்ல மெல்ல வந்தால் ஒரு பக்க போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது தேய்ந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு வந்தால் முதலில் அளவைப் பாருங்கள். பொதுவாகக் கருவியின் மூட்டு, முட்டி மூட்டுக் கோட்டுக்குச் சுமார் 2 செ.மீ. மேலே இருக்குமாறு வைப்பார்கள். பிள்ளை வளர வளர முட்டி மேலே போய்விடும், கருவியின் மூட்டு கீழேயே நின்றுவிடும். காலை மடக்கும்போது தொடைப்பட்டை தொடையில் உராய்ந்து நகர்ந்தால் அதுதான் அடையாளம். வளரும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவு பார்க்க வேண்டும்.

எந்தக் காரணமானாலும் ஒற்றைப் பூட்டில் நடக்காதீர்கள். வெளியில் இருந்தால் உட்கார்ந்து ஆட்டோ கூப்பிடுங்கள்.

தானாகத் திறந்துகொள்கிறது

வளையப் பூட்டு நடக்கும்போது மேலே ஏறினால், அது முதலில் முழுசாக விழுந்ததா என்று பாருங்கள். கோட்டைத் தொடாமல் பாதியில் நின்ற வளையம்தான் அதிர்வில் ஏறும். அடுத்தது, வளையத்தில் கட்டிய இழுப்புக் கயிறு பேன்ட்டிலோ புடவைக் கொசுவத்திலோ மாட்டி இழுபடுவது. வளையமே விரிந்து லொடலொடத்தால் மாற்ற வேண்டும். வீடு வந்து சேரும்வரை சைக்கிள் டியூபில் ஒரு விரல் அகலம் வெட்டி, வளையத்துக்கு மேலே கம்பியில் இறுக்கமாக மாட்டினால் அது ஏறாமல் தடுக்கும். அன்றைக்கு மட்டும்தான், மறுநாள் பட்டறைக்குப் போய்விட வேண்டும்.

சுவிஸ் பூட்டில் எதிரி வெளியே இருக்கிறது. பின்னால் வரும் ஆள், பஸ் இருக்கையின் விளிம்பு, ஓடிவரும் குழந்தை, கடை வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரின் ஹேண்டில், எது பின்கம்பியை மேலே தட்டினாலும் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் திறந்துவிடும். நேரு வீதி போன்ற நெரிசலில் நடப்பவர்கள் சுவருக்கு முதுகைக் கொடுத்து நிற்கப் பழகுவது நல்லது. தட்டாமலே திறந்தால் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் சரியாகப் பூட்டாவிட்டால் அரைவட்டக் கம்பி கோணியிருக்கும். கையால் நிமிர்த்தினால் ஒரு பக்கம் நிமிரும், மறுபக்கம் கெடும்.

உப்பு, மணல், மழை

துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்தானே தவிர, உப்பு தங்கினால் அதிலும் ஊசி முனை அளவுக்குக் குழிகள் விழும். அலுமினியக் கம்பியில் எஃகு ஸ்க்ரூ இருக்கும் இடம் இன்னும் மோசம். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான். துடைத்தால் போய்விடும், ஆனால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே இருக்கும், காட்டிவிடுங்கள்.

சில்வர் பீச்சில் மணலில் இறங்கியிருந்தாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் தெருத் தண்ணீரில் நடந்திருந்தாலும் அன்று இரவே செய்ய வேண்டியது: கழற்றி, மூட்டின் மேல் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றி மணலை இறக்குங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவில் இருந்தால் குடிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். பருத்தித் துணியால் துடைத்து, பூட்டைத் திறந்த நிலையில் மின்விசிறிக்குக் கீழே காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் காலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை கோணலாம், தோல் வார் வறளும். மணல் இருக்கும்போது பூட்டித் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான்.

எண்ணெய் பற்றி

தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், மற்ற நாளில் தூசியைச் சேர்த்துப் பிசினாகும். கிரீஸும் அப்படியே. தையல் மெஷின் எண்ணெய் போதும். ஊசி முனையில் எடுத்து மூட்டுக்கு ஒரு சொட்டு, வளையம் ஓடும் கம்பிக்கு ஒரு சொட்டு. பத்து முறை மடக்கி நீட்டிவிட்டு, வெளியே கசிந்ததை முழுக்கத் துடைத்துவிடுங்கள். விரலில் ஒட்டும் அளவுக்கு இருந்தால் அதிகம். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே சிக்கலை விடுவிக்கும், ஆனால் சீக்கிரம் உலர்ந்துவிடும், அதனால் அதன் பிறகும் ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். மூட்டோடு வந்த தாளில் எண்ணெய் போடக்கூடாது என்று எழுதியிருந்தால் அதையே கேளுங்கள். எப்போது போட்டாலும் சுத்தம் செய்த பிறகுதான். அழுக்கின் மேல் விட்ட எண்ணெய் அழுக்கை உள்ளே கொண்டுபோகும்.

வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

ஸ்க்ரூவும் வெல்டிங்கும்

பட்டைகளைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்தால் வீட்டிலேயே இறுக்கலாம். தலையில் சரியாக உட்காரும் ஆலன் கீயோ ஸ்க்ரூ டிரைவரோ வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற ஆலன் கீ, ஸ்க்ரூ தலையை வழுக்கவைத்துவிடும், பிறகு யாராலும் கழற்ற முடியாது. அடிக்கடி தளரும் ஸ்க்ரூவுக்கு, மறுபடி கழற்றக்கூடிய நீல நிறப் பிடிப்புப் பசை ஒரு சொட்டு போதும். சிவப்புப் பசை போட்டால் சூடு காட்டாமல் கழலாது, பிளாஸ்டிக் உறையின் பக்கத்தில் அது நடக்காத காரியம். முட்டி மூட்டின் நடு போல்ட்டை மட்டும் தொடாதீர்கள். கால் சுற்று கூடினால் மூட்டு இறுகி வளையம் விழாது, கால் சுற்று குறைந்தால் ஆடும்.

கம்பி ஒடிந்தால் பக்கத்துத் தெரு கிரில் பட்டறையில் நல்ல மனதோடு வெல்டிங் வைத்துத் தருவார்கள். வேண்டாம். சூடு பட்ட இடத்தில் அலுமினியம் மெத்தென்றாகிவிடும். எஃகுக் கம்பி, வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி வெடிக்கும். கம்பியை மாற்றுவதுதான் வழி. வளையம் மாற்றினால் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். கம்பியின் அகலம், கனம் இரண்டையும் வெர்னியரில் அளந்து, பழைய வளையத்தையும் கையில் கொண்டுபோங்கள்.

ஓட்டையைச் சுற்றியும் கம்பி வளையும் இடத்திலும் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தக் காலிப்பரில் இன்னொரு அடிகூட வைக்க வேண்டாம். தோல் சிவப்பு கழற்றி அரை மணி நேரத்தில் மறையாவிட்டாலும் போடுவதை நிறுத்திக் காட்ட வேண்டும். தண்டுவடப் பாதிப்பில் உணர்ச்சி இல்லாதவர்களுக்கு வலியே தெரியாது. தினமும் இரவு கண்ணாடி வைத்துத் தொடையின் பின்பக்கத்தையும் முட்டியின் உட்பக்கத்தையும் பார்த்தே தீர வேண்டும்.

எங்கே போவது

புதுச்சேரி ஜிப்மரில் உடல்சார் மருத்துவம், மறுவாழ்வுக்கென்றே துறை இருக்கிறது. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உள்ளன. புதுக் கருவிக்கு விண்ணப்பிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அரசாங்கம் வேறு. கடலூர்க்காரர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், புதுச்சேரிக்காரர்கள் தங்கள் சமூக நலத்துறைக்கும் போக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையில் (UDID) எந்த முகவரி இருக்கிறது என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது வழக்கமாகப் போடும் அதே செருப்பும் அதே வகை உடையும் வேண்டும். வெளியே வைத்துச் செய்த சோதனையில் என்ன தெரிந்தது, காலில் மாட்டும்போது என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பூட்டு சிக்கும் விதத்தை போனில் வீடியோவாகவும் எடுத்துப் போகலாம். சரிசெய்து தந்ததும் அங்கேயே மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து பத்து முறை பூட்டித் திறந்து, எழுந்து நடந்து, மறுபடி உட்கார்ந்து பாருங்கள். பத்தில் ஒரு தடவை சிக்கினாலும் கழற்றி அவர்கள் கையில் கொடுங்கள். பழைய நகப்பூச்சுக் கோட்டைச் சுரண்டிவிட்டு, வளையம் இப்போது நிற்கும் இடத்தில் புதுக்கோடு போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.